பந்தைப் பிரித்துக் கொடுத்தவர்: துளசிதாஸ் பலராமின் ஆட்ட வாழ்க்கை

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்திருந்தார். நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறியவர். கூடவே அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேரன். பதினைந்து, பதினாறு வயசிருக்கும். பையன் போட்டிருந்த பனியனில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். "அங்கேதான் படிக்கப் போறியா தம்பி?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், இது எங்க காலேஜ் புட்பால் டீம்" என்றான். அப்புறம் கால் மணி நேரம் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசினான். அதிலே 'குவாட்டர்பேக்' என்று ஒருத்தன் இருப்பானாம், ஆட்டமே அவனை வைத்துத்தானாம். கடைசியில், "நம்ம ஆளுங்கள்ல அந்த மாதிரி யாராவது இருந்திருக்காங்களா?" என்று ஒரு கேள்வி போட்டான்.

தாத்தா சிரித்துவிட்டார். "நாமெல்லாம் பூமிக்குள்ள எறங்கினவங்க கண்ணு, நமக்கு ஏது அதெல்லாம்! கேளுங்க நயினாரே" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. துளசிதாஸ் பலராம் என்ற பெயரைச் சொன்னேன். பேரனுக்குத் தெரியாதது ஆச்சரியமில்லை. தாத்தாவுக்கும் தெரியவில்லை. அவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் வளர்ந்தவர், இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர் என்று சொன்னதும் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று கடையில் வாய்மொழியாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

குவாட்டர்பேக் என்பவன் யார்?

முதலில் பையன் சொன்ன ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். அமெரிக்கர் புட்பால் என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து இரு முனையும் கூர்த்த முட்டை வடிவம். அதைக் கையால் எறிவார்கள், பிடிப்பார்கள், அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர் என்பது மட்டும் நம் ஆட்டத்தைப் போல. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் நடுவில் குனிந்து நிற்பவன் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளுவான். அங்கே நிற்பவன்தான் குவாட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, இல்லை தானே ஓடிவிடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவன் முடிவு பண்ண வேண்டும். அதற்குள் எதிரணி மல்லர்கள் அவனைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி. எந்தச் சரக்கும் அவன் கண்ணில் படாமல் போகாது.

அங்கே இந்த ஆட்டக்காரன் உருவாவது கல்லூரியில். திறமையுள்ள பையனைப் பல்கலைக்கழகமே தேடிப் பிடித்து, படிப்புச் செலவை ஏற்று, பயிற்சியாளர், வைத்தியர், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் கொடுத்து ஆட வைக்கிறது. சில பல்கலைக்கழக மைதானங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். வழக்கமாக நான்கு பருவம் ஆடலாம். அதற்குப் பிறகு தொழில்முறை அணிகள் ஆண்டுக்கொரு முறை பொறுக்கியெடுக்கும்போது மிகச் சிலருக்கே இடம் கிடைக்கிறது. மற்றவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பல்கலைக்கழகங்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தும், ஆட்டக்காரப் பையன் தன் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு காசு வாங்கக் கூடாது என்றுதான் வெகுகாலம் விதி இருந்தது. 2021 ஜூலையில்தான் அதைத் தளர்த்தினார்கள்.

நம் கால்பந்தில் இதற்கு நேரான இடம் கிடையாது. கிட்டத்தட்ட ஒத்துவருவது அந்தக் காலத்து 'இன்சைடு' ஆட்டக்காரர். 1950களில் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் ஓடுகிறவர்கள் இருவர், நடுவில் சென்டர் பார்வர்டு. இவர்களுக்கு இடையிலே இன்சைடு லெப்ட், இன்சைடு ரைட் என்று இருவர். இந்த இருவருக்குத்தான் மூளைவேலை. பின்னால் இறங்கி ஹாஃப் பேக்கிடம் பந்தை வாங்க வேண்டும். எதிரியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் ஓடுகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்று கணக்குப் போட்டு, அவன் போகிற இடத்துக்கு முன்கூட்டியே பந்தை அனுப்ப வேண்டும். கோல் போட்டவன் பெயர்தான் பத்திரிகையில் வரும். பிரித்துக் கொடுத்தவன் பெயர் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

பலராம் அப்படிப் பிரித்துக் கொடுத்தவர். கோலும் போட்டார் என்பது கூடுதல் வரவு. இன்சைடு லெப்ட், இடது ஓரம், சென்டர் பார்வர்டு என்று எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர்.

இடையிலே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பந்து நமக்குப் புதிசு இல்லை. எங்கள் சமணப் பெருங்காப்பியமான சீவக சிந்தாமணியில் விமலை என்னும் வணிகர் மகள் பந்தாடிக்கொண்டிருப்பாள். பந்து தெருவில் போய் விழும். எடுக்க வந்தவள் சீவகனைப் பார்ப்பாள். கதை அங்கிருந்து வேறு திசையில் ஓடும். திருத்தக்கதேவர் துறவியாக இருந்துகொண்டு அந்தப் பந்தாட்டத்தை எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அது கைப்பந்து, பெண்கள் ஆட்டம். காலால் உதைக்கிற ஆட்டத்தை நம்மவர்க்குக் கொண்டுவந்து கொடுத்தது வெள்ளைக்காரப் பட்டாளம்.

பட்டாளம் போன வழி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலராம் 1936இல் பிறந்த ஊர் அம்முகுடா. செகந்திராபாத் கன்டோன்மென்டைச் சேர்ந்த சிற்றூர். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, நம் கோலார் தங்கவயலில் தமிழர் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்குரிய விடையே விடை. வெள்ளைக்காரன் எங்கே பாளையம் இறங்கினானோ, எங்கே தண்டவாளம் போட்டானோ, எங்கே குழி தோண்டினானோ, அங்கெல்லாம் சென்னை ராஜதானியிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு போனான். செகந்திராபாத் பாளையம் 1806இல் ஏற்பட்டது. பெங்களூர் கன்டோன்மென்ட் 1809. இங்கே ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கால் வைத்தது. மூன்று இடத்திலும் வடஆர்க்காடு, சேலம் முதலான ஜில்லாக்களின் சனங்கள்தாம் கூலியாக, சிப்பாயாக, கொத்தனாராக, கடைக்காரராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த மூன்று மாதிரி இடங்களிலும் இரண்டு பொருள்கள் தவறாமல் இருந்தன: ஒன்று சர்ச், இன்னொன்று மைதானம். பட்டாளத்தான் சாயங்காலம் பந்து உதைப்பான். வேலிக்கு வெளியே நம் பையன்கள் நின்று பார்ப்பார்கள். வேலிக்கு வெளியே போய் விழுகிற பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் துணிப்பந்து சுருட்டித் தாங்களே ஆடுவார்கள். தமிழ் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஊர் வாரியாகப் பார்த்தால் இந்தப் பாதை தெளிவாகத் தெரியும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இந்தியா போட்ட ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அவர் பெங்களூர்க்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதே அணியில் இருந்த வஜ்ரவேலு, தன்ராஜ் ஆகியோரும் பெங்களூரிலிருந்து போனவர்கள்தாம். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடி, பிறகு மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1960களில் மோகன் பகான் முன்வரிசையில் ஓடிய அருமைநாயகம் மறுபடியும் பெங்களூர்.

தமிழ்நாட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தலைமுறையில் உச்சிக்குப் போனவர்களில் இத்தனை பேர் வெளிமாநிலத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நம் சங்கங்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாம் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பதோடு நின்றுவிட்டோம்.

பூட்ஸும் சைக்கிளும்

பலராம் வீட்டில் வசதி கிடையாது. பூட்ஸ் வாங்கக் காசில்லாமல், போலீஸ்காரர் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டு ஆடினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (தோல் சமாச்சாரம் எங்கள் சமயத்துக்கு ஆகாது. ஆனாலும் அந்தப் பூட்ஸைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.)

உள்ளூரில் ரைடர்ஸ் கிளப் முதலிய சிறு அணிகளில் ஆடிக்கொண்டிருந்த பையனைக் கண்டெடுத்தவர் சையது அப்துல் ரகீம். இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதனால் கடைசிவரை 'ரகீம் சாகிப்' என்றே எல்லோருக்கும் வாத்தியார். இவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. போலீஸ் என்ற பெயரைப் பார்த்து யாரும் லத்தியைக் கற்பனை செய்ய வேண்டாம். பந்து ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு உத்தியோகம் கொடுத்து, சம்பளம் கொடுத்து, மைதானத்தில் விட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். அமெரிக்காவில் கல்லூரி செய்கிற வேலையை இங்கே போலீஸும் ரயில்வேயும் பட்டாளமும் செய்தன. இங்கே நம் சுரங்கக் கம்பெனியும் ஆட்டக்காரர்களுக்கு அப்படித்தான் இடம் கொடுத்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

ரகீம் கூப்பிட்டும் பையனுக்கு ஒரு சிக்கல். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத் மைதானத்துக்குத் தினமும் வந்துபோகக் கையில் பணமில்லை. ரகீம் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தாராம். அந்தச் சைக்கிள் கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது. பலராம் ஐதராபாத் மாநில அணியில் சேர்ந்தார். அந்த அணி 1956-57, 1957-58 என்று இரண்டு வருஷம் அடுத்தடுத்து சந்தோஷ் கோப்பையை வாங்கியது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அப்போது வயது 20. அங்கே இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசிய நாடு அரையிறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை. முடிவில் நான்காம் இடம்.

அகதிகளின் அணி

1957இல் பலராமைக் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப் அழைத்துக்கொண்டது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1920இல் தொடங்கிய அந்தக் கிளப்புக்கு, 1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் விட்டு வந்த சனங்கள்தாம் உயிர். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தவன், காலனியில் தகரக் கொட்டகை போட்டவன், அவனுக்கெல்லாம் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது சிவப்பும் பொன்னிறமுமான அந்தச் சட்டை. உள்ளூர்க்காரர் அணி மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கல்கத்தா சந்தையில் ஒரு வகை மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். மீன் கணக்கு நமக்கு வேண்டாம். ஊர்விட்டு வந்தவர்களின் அணிக்கு, ஊர்விட்டுப் போன குடும்பத்துப் பிள்ளை நாயகனானது எனக்குப் பிடித்த விஷயம்.

1957 முதல் 1962 வரை அங்கே ஆடி நூறு கோலுக்கு மேல் போட்டார். 1958இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. 1960இல் டூராண்ட் கோப்பை. 1961இல் அவரே அணித்தலைவர். கல்கத்தா லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு 1952க்குப் பிறகு கிட்டாமல் இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து இவர் தலைமையில் கிடைத்தது. அந்த லீகில் 23 கோல் போட்டு முதலிடமும் இவருக்கே. பிரித்துக் கொடுக்கிறவன் இத்தனை கோல் போடுவது சாதாரணம் இல்லை. அதே வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை மோகன் பகானோடு பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நாட்டுக்கு ஆடும்போது சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் மூன்று பேரையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. வலது ஓரத்தில் பி.கே., உள்ளே சுனி, இடப்பக்கம் பலராம். இருவர் வங்கம், ஒருவர் நம்மவர்.

ரோமும் ஜகார்த்தாவும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா விழுந்த பிரிவைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஆகஸ்டு 26இல் ஹங்கேரியோடு ஆட்டம். அந்த அணியில் இருந்த புளோரியன் ஆல்பர்ட் என்ற இளைஞர் பின்னாளில், 1967இல், ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கியவர். 2-0 என்று பின்தங்கியிருந்தபோது 79ஆவது நிமிடத்தில் பலராம் ஒரு கோல் போட்டார். முடிவு 1-2. அந்த ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. பிரான்சோடு 1-1, அதுவும் ஆட்டம் முடிய ஏறத்தாழ எட்டு நிமிடம் இருக்கும்வரை இந்தியா முன்னிலை. பெருவிடம் 1-3 என்று தோல்வி; அந்த ஒரு கோலும் பலராமுடையது. ஆக, அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட மூன்று கோலில் இரண்டு அம்முகுடா பையனுடையவை. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்து மைதானத்தில் இந்தியா காலெடுத்து வைக்கவில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல் எதுவென்று யாராவது வினாடி வினாவில் கேட்டால், பெருவுக்கு எதிராகப் பலராம் போட்டது என்று நம் பிள்ளைகள் சொல்லலாம்.

இரண்டு வருஷம் கழித்து 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காமல் விட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால் அந்த ஊர் சனம் இந்தியர்மேல் கொதித்துப்போயிருந்தது. நம் ஆட்டக்காரர் போகிற வழியெல்லாம் கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2. செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென் கொரியா எதிரே.

மைதானத்தில் ஏறத்தாழ லட்சம் பேர், எல்லாரும் கொரியா பக்கம். பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் உட்கார்ந்து நமக்காகக் கைதட்டினார்கள் என்று அந்த ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் சொல்வதுண்டு. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்கு அதற்கு முன்பே தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரகீம் அவரைத் தூக்கி முன்வரிசையில் நிறுத்தினார். வைத்தியர் கேட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். உடல்நலமில்லாமல் வெளியே இருந்த தங்கராஜைக் கோல் காக்க மறுபடி கொண்டுவந்தார். முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று. முடியும் தறுவாயில் கொரியா ஒன்று திருப்பிப் போட்டது. 2-1, தங்கம். கால்பந்தில் 1951க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது ஒன்றுதான், இன்றுவரை வேறில்லை.

அந்தத் தங்கப் பதக்க அணியின் பட்டியலில் தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ் என்று நான்கு தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. அவ்வருஷம் பலராமுக்கு அர்ஜுனா விருது.

வாத்தியார் ரகீமுக்கு அந்தப் போட்டியின்போதே உடம்பில் புற்றுநோய். 1963 ஜூன் 11இல் காலமானார். அதே வருஷம் சீடனுக்கும் ஆட்டம் முடிந்தது.

மூச்சு

இப்போது நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

1962 பருவத்துக்குப் பிறகு பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டுப் பெங்கால் நாகபுரி ரயில்வே அணிக்குப் போனார். கிளப்போடு மனக்கசப்பு. அங்கே போன கொஞ்ச நாளில் நெஞ்சில் நோய் என்று தெரிந்தது. இங்கிலீஷில் புளூரிசி என்பது. நுரையீரலைச் சுற்றி இரட்டை மடிப்பாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. இரண்டு மடிப்புக்கும் நடுவிலே எண்ணெய் விட்ட மாதிரி ஒரு வழவழப்பு இருப்பதால்தான் நாம் மூச்சு விடுவது நமக்கே தெரியாமல் நடக்கிறது. அந்தச் சவ்வில் அழற்சி வந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் கத்தி குத்துகிற வலி. சில பேருக்கு நீரும் கோத்துக்கொள்ளும். நம் நாட்டில் இந்த நோய்க்குக் காசநோய் ஒரு பெரிய காரணம். வேறு கிருமிகளாலும் வரலாம். சாதாரண ஆளுக்கு மருந்தும் ஓய்வும் கொடுத்தால் தேறிவிடுவான், கடையில் உட்காரலாம், கணக்கு எழுதலாம். ஆனால் 70 நிமிடம், 90 நிமிடம் மூச்சைப் பிடித்து ஓட வேண்டியவனுக்கு? வைத்தியர் ஆட வேண்டாம் என்றார். 27 வயதில் பூட்ஸைக் கழற்றினார்.

கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் பார்த்தேன். மெல்போர்னிலிருந்து ஜகார்த்தா வரை ஆறு வருஷம். அவ்வளவுதான் அவர் நாட்டுக்கு ஆடிய காலம். சுனியும் 1960களின் நடுவில் நின்றுகொண்டார்தான். ஆனால் அவர் கிரிக்கெட்டிலும் வங்காள அணிக்குத் தலைமை தாங்கினார், அது வேறு கதை. பி.கே. பயிற்சியாளராகி இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தார். பத்மஸ்ரீ சுனிக்கு 1983இல் வந்தது, பி.கே.க்கு 1990இல் வந்தது. மூன்றாமவருக்கு வரவே இல்லை. விருதைப் பற்றி நான் பெரிதாக எண்ணுகிறவன் இல்லை. ஆனால் மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய தேசம், கொடுக்கும்போது இரண்டோடு நிறுத்திக்கொண்டது கணக்கில் உதைக்கிறது.

அந்நாளில் கல்கத்தா ஆட்டம் பேருக்கு அமெச்சூர். கிளப் சம்பளம் என்று வெளிப்படையாக எதுவும் கிடையாது. ஆபீஸ் வேலைதான் சோறு போட்டது. பலராமுக்கு ரயில்வே உத்தியோகம் இருந்தது. அதனால் ஆட்டம் போனாலும் சம்பளம் போகவில்லை. இதை இன்று நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் பையன் முட்டி உடைந்து வெளியே வந்தால் கையில் ஒரு பட்டமாவது இருக்கும். நம் காலத்துப் பையனுக்கு ஒரு ரயில்வே நாற்காலி இருந்தது. இன்று இங்கே வயல் பையன்கள் ஆடுகிறார்களே, இவர்களுக்கு எந்த நாற்காலி? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியதோடு கம்பெனி வேலை போயிற்று. காலை வண்டியில் மாரிகுப்பத்தில் ஏறிப் பெங்களூர் போய், இரவு வண்டியில் திரும்பி வருகிற அப்பன்மார்களின் பிள்ளைகள் இவர்கள். சைனைடு மேட்டின் அடிவாரத்தில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், நல்ல கால் உள்ள பையன் இரண்டு பேராவது கண்ணில் படுவான்.

நெஞ்சு நோய் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற கல்தூள் நுரையீரலில் போய்ப் படிந்து வருகிற சிலிகோசிஸ் இங்கே எந்த வீட்டுக்கும் அந்நியம் அல்ல. 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்த நோய் இருந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பலராமுக்கு வந்தது வேறு நோய், காரணமும் வேறு. ஆனால் மூச்சு போனால் தொழில் போகும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உத்தர்பாரா

ஆட்டத்தை விட்ட பிறகும் பலராம் ஐதராபாத் பக்கம் திரும்பவில்லை. வங்காளத்திலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாரா என்ற ஊரில் கடைசிக் காலம்வரை இருந்தார். பழைய கிளப்போடு இருந்த கசப்பு முழுசாகத் தீரவில்லை. அதன் நியாய அநியாயத்தை இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. 2020இல் மார்ச் மாதம் பி.கே. போனார், ஏப்ரல் மாதம் சுனி போனார். 2023 பிப்ரவரி 16இல் பலராம் கல்கத்தாவில் காலமானார், வயது 86. அந்த முக்கூட்டில் கடைசி ஆள்.

ரகீம் சாகிப் வாழ்க்கையை வைத்து 2024 ஏப்ரலில் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. ஜகார்த்தா ஆட்டம்தான் அதன் உச்சம். சினிமா சினிமாதான், எல்லாம் நடந்தபடியே இருக்காது. ஆனாலும் பலராம் அதில் ஒரு பாத்திரமாக வருகிறார். கடைக்கு வந்த பேரனிடம் இதைச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தா மட்டும் வந்தார். பையன் ராத்திரி கைப்பேசியிலேயே முழுப் படத்தையும் பார்த்துவிட்டானாம். விடிந்ததும் எழுந்து வந்து, "தாத்தா, அவர் ஜெயிச்சுட்டாரே, அப்புறம் ஏன் ஆடல?" என்று கேட்டானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லுமுன் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இந்த மாதிரிதான்னு சொன்னேன் நயினாரே. புரிஞ்சுது அவனுக்கு" என்றார்.